லாரல் ஹார்டி ஏன் ரெண்டு பேர்? ஜோடி ஸ்லாப்ஸ்டிக் பத்தி ஒரு ஆரம்பப் பாடம்

லாரல் ஹார்டின்னு சொன்னா டக்குன்னு ஞாபகம் வர்றது ஒரு குண்டு, ஒரு ஒல்லி, ரெண்டு பேர் தலைலயும் வட்டத் தொப்பி, விழுவாங்க எந்திரிப்பாங்க, அவ்ளோதான். இப்பல்லாம் வாட்ஸ்அப்ல குட்டி குட்டி கிளிப்பா வருது, மேல யாரோ ஒரு குத்துப்பாட்ட வேற ஒட்டி விட்டுருப்பாங்க, பாத்து சிரிச்சுட்டு ஃபார்வேர்ட் பண்ணிட்டு போயிருவோம். அந்த கிளிப்ப வெட்டுறவங்க கரெக்டா விழுற இடத்த மட்டும் எடுத்துக்கிட்டு, விழுறதுக்கு முன்னாடி நடந்ததையும், விழுந்த பிறகு அந்த குண்டு மனுஷன் மூஞ்சில என்ன ஓடுச்சுங்கறதையும் தூக்கிப் போட்டுருவாங்க. என்னக் கேட்டா காமெடியே அந்த தூக்கிப் போட்ட பகுதிலதான் இருக்கு. எப்படின்னு சொல்றேன்.

ஸ்லாப்ஸ்டிக்னா உடம்ப வச்சு பண்ற காமெடி. வழுக்கி விழுறது, மூஞ்சில கேக்க அப்புறது, ஏணி திரும்பி பின்னாடி நிக்கிறவன் மண்டைல படுறது, இதெல்லாம். படத்துல பேச்சே இல்லாத காலத்துல இதுக்கு பெரிய வசதி, பாக்குறவனுக்கு இங்கிலீஷ் தெரியணும்னு அவசியமே இல்ல, எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். 1912ல மாக் சென்னட்டுன்னு ஒருத்தர் லாஸ் ஏஞ்சல்ஸ்ல கீஸ்டோன் ஸ்டூடியோ ஆரம்பிச்சாரு, அங்கதான் இது ஒரு ஃபேக்டரி மாதிரி ஓட ஆரம்பிச்சது. போலீஸ் கூட்டம் ஒண்ணு துரத்தும், கார் கவுரும், எல்லாரும் தண்ணில விழுவாங்க, படம் முடிஞ்சிரும். கேமராவ கையால சுத்துற காலம், கொஞ்சம் மெதுவா சுத்தி எடுத்துட்டு தியேட்டர்ல வழக்கமான வேகத்துல ஓட்டுனா மனுஷங்க எல்லாம் பரபரன்னு எறும்பு கணக்கா ஓடுவாங்க, அந்த வேகமே பாதி சிரிப்ப வாங்கிக் குடுத்துச்சு. ஆனா பத்து நிமிஷம் பாத்தா நமக்கு களைப்பாயிரும், ஏன்னா அங்க விழுறவன் யாரு, எதுக்கு விழுறான்னு யோசிக்கவே டைம் குடுக்க மாட்டாங்க.

ரெண்டு பேரா சேந்து பண்றது சினிமா கண்டுபிடிச்சதில்ல. ஐரோப்பா சர்க்கஸ்ல ரொம்ப நாளா இருந்தது, மூஞ்சில வெள்ளை பூசிட்டு டீசன்ட்டா டிரஸ் பண்ணி அதிகாரம் பண்ற கோமாளி ஒருத்தர், அவர்கிட்ட மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் சொதப்புற தொளதொள சட்டைக் கோமாளி ஒருத்தர். பாரிஸ்ல 1890கள்ல ஃபூட்டிட், ஷாக்கலான்னு ரெண்டு பேர் இத வச்சு பெரிய ஸ்டார் ஆனாங்க, லூமியேர் கம்பெனி அவங்க ஆட்டத்த ஃபிலிம்லயும் எடுத்துருக்கு. அப்புறம் 1917ல ராஸ்கோ ஆர்பக்கிள்னு அப்ப பெரிய ஸ்டாரா இருந்த குண்டு நடிகர், மேடைலருந்து வந்த பஸ்டர் கீட்டன்ங்கற பையன தன் படத்துல சேத்துக்கிட்டாரு. முதல் படத்துலயே கீட்டன் வெல்லப்பாகு வாங்க கடைக்கு வருவாரு, பாகு அவர் தொப்பிக்குள்ள போயி, தொப்பி தலைல ஒட்டி, அத புடுங்கப் போயி கால் தரைல ஒட்டின்னு ஒரு சீன், இன்னைக்கும் நல்லா இருக்கும். ஆனா அவங்கள ஜோடின்னு சொல்ல மாட்டேன், முதலாளியும் கெட்டிக்கார சிஷ்யனும் மாதிரிதான்.

முழு நீள ஜோடியா முதல்ல ஐரோப்பா முழுக்க கொடி நாட்டுனது டென்மார்க்காரங்க. கார்ல் ஷென்ஸ்ட்ராம், ஹரால்ட் மாட்சன், ஒருத்தர் தென்னை மரம் மாதிரி நெட்டை, இன்னொருத்தர் குட்டையா கொழுகொழுன்னு இருப்பாரு, 1921லயே ஆரம்பிச்சுட்டாங்க, அதாவது லாரல் ஹார்டிக்கு பல வருஷம் முன்னாடி. ஜெர்மனில அவங்களுக்கு பாட், பட்டாஷான்னு பேரு, ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு பேரு. இப்ப டென்மார்க்குக்கு வெளிய பெருசா யாரும் பேசறதில்ல, பாவம்.

சரி, ஏன் ரெண்டு பேர் வேணும்? ஒருத்தன் தனியா வழுக்கி விழுந்தா அவன் எந்திரிச்சு தட்டி விட்டுட்டு போயிருவான், மேட்டர் முடிஞ்சது. பக்கத்துல இன்னொருத்தன் இருந்தா உடனே ஒரு கேள்வி வந்துரும், யாரால விழுந்தான்? விழுந்தவன் மெதுவா தலைய திருப்பி மத்தவன பாப்பான், மத்தவன் ஒண்ணும் தெரியாத மாதிரி தொப்பிய சரி பண்ணுவான், இவன் எந்திரிச்சு அத பழி வாங்குவான், அவன் அழுவான், இவனுக்கு சங்கடமாயிரும். ஒரு விழுகைலருந்து நாலு சம்பவம். சாட்சின்னு ஒருத்தன் இருந்தாத்தான் அவமானம்னு ஒண்ணு வரும், அதான் விஷயம்.

நம்ம ஊர்ல இத படிக்கிறவங்களுக்கு கவுண்டமணி செந்தில் கண்டிப்பா ஞாபகம் வருவாங்க, ஆனா அது வேற கணக்கு. அங்க ஒருத்தர் விவரம், ஒருத்தர் மக்கு, விவரமானவர் வாயால வெளுத்து வாங்குவாரு. லாரல் ஹார்டில ரெண்டு பேருமே மக்கு. ஒல்லியா இருக்குற ஸ்டானுக்கு தான் மக்குன்னு ஒரு கவலையே இல்ல, அவர் பாட்டுக்கு இருப்பாரு. குண்டா இருக்குற ஆலிக்கு தான் ரொம்ப விவரம்னு நெனப்பு. 'தள்ளு, நான் பண்றேன்'னு முன்னாடி போவாரு பாருங்க, அப்பத்தான் மேல இருக்குறது எல்லாம் அவர் தலைல வந்து விழும். ரெண்டு மக்குல பெரிய மக்கு ஆலிதான், படம் பாக்கப் பாக்க புரியும்.

ஆளுங்களப் பத்தி கொஞ்சம். ஸ்டான் லாரல் 1890ல இங்கிலாந்துல உல்வர்ஸ்டன்ங்கற ஊர்ல பொறந்தவரு, நிஜப்பேரு ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன், அப்பா நாடகக் கொட்டகை நடத்துனவரு. ஃப்ரெட் கார்னோங்கறவரோட காமெடி ட்ரூப்ல இருந்தாரு, அங்க சார்லி சாப்ளினுக்கு மாத்து ஆளு, அதாவது சாப்ளின் வர முடியலன்னா இவர் ஏறணும். 1910ல அந்த ட்ரூப்போட ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல அமெரிக்கா போனாங்க. ஆலிவர் ஹார்டி 1892ல ஜார்ஜியா மாநிலத்துல ஹார்லெம்ங்கற சின்ன ஊர்ல பொறந்தவரு. அப்பா சீக்கிரமே போயிட்டாரு, அம்மா ஹோட்டல் நடத்துனாங்க, இவர் லாபில உக்காந்து வர்றவங்க போறவங்க எல்லாரையும் வேடிக்கை பாப்பாரு, அந்த ஆளுங்களோட பவுசு எல்லாம் பின்னாடி ஆலி கேரக்டர்ல வந்து உக்காந்துச்சு. ஒரு கையெழுத்து போடணும்னாக்கூட கைய காத்துல ரெண்டு சுத்து சுத்திட்டு சுண்டு விரல தூக்கிட்டுத்தான் பேனாவ வைப்பாரு.

இவங்க சேந்தது பிளான் பண்ணி நடந்ததில்ல. 1921ல வந்த தி லக்கி டாக்ங்கற படத்துல ரெண்டு பேரும் இருக்காங்க, ஆனா ஜோடியா இல்ல, ஹார்டி அதுல திருடன். அப்புறம் 1926ல ஹால் ரோச் ஸ்டூடியோல லாரல் கதை எழுதறது, டைரக்ட் பண்றதுன்னு கேமராவுக்கு பின்னாடி செட்டில் ஆயிட்டாரு, நடிக்கிற ஐடியாவே இல்ல. ஹார்டி வீட்ல ஆட்டுக்கால் சமைக்கும்போது கொதிக்கிற கொழுப்பு கைல கொட்டி வெந்து போச்சு, அவர் நடிக்க வேண்டிய வேஷத்துக்கு ஆள் இல்ல, நீயே பண்ணுன்னு லாரல தள்ளி விட்டாங்க. அப்படியே ரெண்டு பேரும் ஒரே படங்கள்ல வர ஆரம்பிச்சு, அந்த ஸ்டூடியோல படங்கள மேற்பார்வை பண்ணிட்டிருந்த லியோ மெக்கேரி இத கவனிச்சு 1927ல ஜோடியாவே ஆக்கிட்டாரு. அந்த வருஷம் ஒரு ஜெயில் படத்துக்காக லாரல் மொட்டை போட்டாரு, முடி திரும்ப வளரும்போது நட்டுக்கிட்டு நின்னுச்சு, அத பாத்து எல்லாரும் சிரிச்சாங்க, சரி இதயே வச்சுக்கலாம்னு வச்சுக்கிட்டாரு. அந்த ஒல்லி மனுஷன் தலைல நிக்கிற முடிக்கு காரணம் அதான்.

திரைல ஹார்டிதான் அதிகாரம் பண்ணுவாரு, திரைக்கு வெளிய தலைகீழ். ஜோக் யோசிக்கிறது, எடிட்டிங் டேபிள்ல உக்கார்றது எல்லாம் லாரல், ஹார்டி ஷூட்டிங் முடிஞ்சா கோல்ஃப் ஆடப் போயிருவாரு. லாரலுக்கு சம்பளமும் ரெண்டு மடங்கு, அதுல ஹார்டிக்கு மனக்கசப்பு எதுவும் இருந்த மாதிரி தெரியல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம், அந்த ஸ்லோ. எல்லாரும் வேகமா ஓடிட்டிருந்தப்ப மெக்கேரியும் லாரலும் படத்த மெதுவாக்குனாங்க. ஒருத்தன் அடிச்சா அடி வாங்குனவன் உடனே திருப்பி அடிக்க மாட்டான். நிப்பான், யோசிப்பான், சுத்தி பாப்பான், அப்புறம் பொறுமையா ஒரு பதிலடி. அது நடக்கும்போது அடிச்சவன் தடுக்கவும் மாட்டான், ஓடவும் மாட்டான், என்ன பண்றான்னு வேடிக்கை பாப்பான்.

இதுக்கு பாட்டன் பிக் பிசினஸ், 1929ல வந்த பேசாத படம், இருபது நிமிஷம்கூட வராது. கலிஃபோர்னியா வெயில்ல கனமான கோட்ட மாட்டிக்கிட்டு ஸ்டானும் ஆலியும் வீடு வீடா கிறிஸ்மஸ் மரம் விக்கிறாங்க. ஒரு வீட்ல ஜேம்ஸ் ஃபின்லேசன், வழுக்கைத் தலை, பெரிய மீசை, ஒரு கண்ண சுருக்கி முறைக்கிற ஆளு. வேணாம்னு கதவ சாத்துறாரு, மரத்தோட கிளை கதவுல மாட்டிக்கிது. பெல் அடிச்சு கிளைய எடுக்கறாங்க, மறுபடி சாத்துறாரு, இந்த தடவ கோட்டு மாட்டிக்கிது. மறுபடி பெல். மனுஷனுக்கு எரிச்சல் ஏறிட்டே போவுது, இதுல ஸ்டான் 'அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் எடுத்துக்கவா'ன்னு கேட்டு வைக்கிறாரு. ஃபின்லேசன் உள்ள போயி பெரிய கத்திரிய எடுத்துட்டு வந்து மரத்த வெட்டிப் போடறாரு. சரின்னு இவங்க ஒரு கத்திய எடுத்து கதவு பக்கத்துல நோண்ட ஆரம்பிக்கிறாங்க. அவர் போலீஸுக்கு போன் பண்ணப் போனா ஆலி ஒயர வெட்டுறாரு. கேரம் போர்டு ஆடற மாதிரிதான், ஒருத்தர் சான்ஸ் முடியுற வரைக்கும் இன்னொருத்தர் கை வைக்கிறதில்ல. கடைசில அவர் இவங்க கார பீஸ் பீஸா பிரிச்சு போடறாரு, இவங்க அவர் வீட்ட இடிக்கிறாங்க, ஸ்டான் உள்ளருந்து பூ ஜாடி ஒவ்வொண்ணா தூக்கி எறிய ஆலி வெளிய நின்னு மண்வெட்டியால பேஸ்பால் கணக்கா அடிச்சு நொறுக்குறாரு. தெருவே கூடி நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைய திருப்பி திருப்பி பாக்குது. அதுல எனக்கு ரொம்ப புடிச்சது போலீஸ்காரர்தான், வண்டிய நிறுத்திட்டு நோட்டுல குறிப்பு எடுத்துட்டே இருப்பாரு, தடுக்கவே மாட்டாரு.

இந்த படத்துல ஓடுறது, துரத்துறதுங்கறது கிட்டத்தட்ட கடைசில மட்டும்தான். மீதி எல்லாம் நின்னு பாக்குறது. கோபம் ஒரேயடியா வெடிக்காம சூடு ஏறி ஏறி வர்றதுக்கு ஹாலிவுட்ல ஸ்லோ பர்ன்னே பேரு வச்சுருக்காங்க, இந்த படங்கள்ல வர்ற எட்கர் கென்னடிங்கற நடிகர் அதுல ஸ்பெஷலிஸ்ட், உள்ளங்கையால மூஞ்சிய மேலருந்து கீழ வழிச்சு விடுவாரு.

அடுத்தது ஆலி கேமராவ பாக்குறது. மேல செங்கல் விழுது, ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் விழுந்து முடிஞ்ச பிறகு அவர் மெதுவா திரும்பி நம்மள பாப்பாரு. 'இவன வச்சுக்கிட்டு நான் படுற பாட்ட பாத்தீங்களா'ங்கற மாதிரி. நடிகர் கேமராவ பாக்கக் கூடாதுங்கறது சினிமால அடிப்படை விதி, இவர் அத மீறுனதால நாம சாட்சிலருந்து கூட்டாளி ஆயிடறோம். இதுக்குள்ள ஒரு தொழில் ரகசியமும் இருக்கு. படத்த ரிலீஸுக்கு முன்னாடி ஏதாவது தியேட்டர்ல போட்டுக் காட்டி, எந்த ஜோக்குக்கு ஜனங்க எவ்ளோ நேரம் சிரிக்கிறாங்கன்னு பாப்பாங்க, சிரிப்பு நீளமா இருந்தா ஆலி கேமராவ பாக்குற ஷாட்டயும் அதுக்கேத்த மாதிரி நீட்டி விடுவாங்க, அப்பத்தான் அடுத்த வசனம் சிரிப்பு சத்தத்துல அமுங்காது. அதனாலதான் இன்னைக்கு போன்ல தனியா பாக்கும்போது அந்த ஷாட் எல்லாம் கொஞ்சம் இழுவையா தெரியும். முடிஞ்சா வீட்ல நாலு பேரா சேந்து டிவில போட்டு பாருங்க, அந்த இழுவை காணாம போயிரும்.

கேக்க மூஞ்சில அடிக்கிறது, அதாவது பை (pie, க்ரீம் வச்ச கேக் மாதிரி பலகாரம்) சண்டை, அது 1927லயே பழைய ஜோக். அத திரும்ப எடுக்கணும்னா ஒரே வழி அளவு தெரியாம எடுக்கறதுன்னு முடிவு பண்ணி தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரில மூவாயிரம் பை அடிச்சாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா எண்ணிக்கைய விட ஆரம்பிக்கிற விதம்தான் அழகு. ஸ்டான் பேர்ல இன்சூரன்ஸ் எடுத்துட்டு, அவர் விழுந்து அடிபட்டா காசு வரும்னு ஆலி வாழைப்பழத் தோல ரோட்ல போடறாரு, அதுல பை டெலிவரி பண்ற ஆளு வழுக்கி விழுந்துடறாரு, ரெண்டு பேரும் பையால அடிச்சுக்க, ஒண்ணு குறி தப்பி வேற ஆள் மேல படுது, அந்த ஆளுக்கும் இப்ப சண்டைல பங்கு வந்துருச்சு. இப்படியே தெரு முழுக்க. கடைசில அனிட்டா கார்வின்ங்கற நடிகை ரொம்ப ஸ்டைலா நடந்து வந்து ஒரு பை மேல வழுக்கி உக்காந்துருவாங்க. எந்திரிச்சு, யாரும் பாக்கலையேன்னு ஒரு பார்வை, கால லேசா உதறிட்டு அதே ஸ்டைல்ல நடந்து போயிருவாங்க. அத்தன பைக்கும் சேத்து அந்த ஒரு உதறல்தான் பெஸ்ட். இந்த படத்தோட ரெண்டாவது ரீல் ரொம்ப வருஷம் முழுசா கிடைக்காம தொலஞ்சு போயிருந்துச்சு, 2015லதான் ஒரு தனியார் சேகரிப்புல கிடைச்சுது.

1920களோட கடைசில பேசும் படம் வந்தப்ப பேசாப்பட காமெடியன்கள் பல பேர் தடுமாறுனாங்க. இவங்க தடுமாறல, ஏற்கனவே மெதுவா போறவங்களுக்கு நடுவுல பேச இடம் இருந்துச்சு, அதான் காரணம். இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க, விழுறத காட்டவே வேணாம், சத்தம் போதும். இவங்களோட முதல் பேசும் படமான, 1929ல வந்த அன்அக்கஸ்டம்டு ஆஸ் வி ஆர் கடைசில ஸ்டான் குட்நைட் சொல்லிட்டு ஃப்ரேம விட்டு போவாரு, படிக்கட்டுல உருளுற சத்தம் மட்டும் கேக்கும், நாம பாக்குறது ஆலி மூஞ்சிய. சத்தத்துக்கு சத்தம் அந்த மூஞ்சி சுருங்கும் பாருங்க. டப்பிங் வசதி சரியா வராத அந்த கொஞ்ச காலத்துல ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச், ஜெர்மன்னு அதே படத்த தனித்தனியா திரும்ப எடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் அந்த பாஷை ஒண்ணும் தெரியாது, கேமராவுக்கு பின்னாடி போர்டுல உச்சரிப்ப எழுதி வச்சுத்தான் பேசுனாங்க.

1932ல வந்த தி மியூசிக் பாக்ஸ் அரை மணி நேரம், கதை ஒரே வரி, ஒரு பியானோவ நீள படிக்கட்டு வழியா மேல ஏத்தணும். லாஸ் ஏஞ்சல்ஸ் சில்வர் லேக் பகுதில அந்த படிக்கட்டு இப்பவும் இருக்கு, 133 படி. பாதி ஏத்துவாங்க, குழந்தை வண்டியோட ஒரு ஆயா எதிர்ல வரும், பியானோ கீழ ஓடிரும். மறுபடி ஏத்துவாங்க, போலீஸ் கூப்பிடுவாரு, கீழ ஓடிரும். எப்படியோ மேல கொண்டு வந்து சேத்த பிறகு தபால்காரர் வந்து, அந்தப் பக்கம் ரோடு இருக்கே, வண்டியிலயே கொண்டு வந்துருக்கலாமேன்னு சொல்லுவாரு. உடனே ரெண்டு பேரும் பியானோவ படிக்கட்டு வழியா கீழ தூக்கிட்டு போயி, வண்டில ஏத்தி, ரோடு வழியா மேல கொண்டு வருவாங்க. ஒருத்தன் மட்டும் இருந்தா நடுவுல எங்கயாவது அவனுக்கே உறைச்சிருக்கும். ரெண்டு பேர்ங்கறதால ஆலி சொல்றாருன்னு ஸ்டான் நம்புறாரு, ஸ்டான் தலையாட்டுறாருன்னு ஆலி நம்புறாரு, தப்பு யாருக்குமே தெரியாம கீழ வரைக்கும் போயிருது. இந்த படத்துக்கு காமெடி குறும்படத்துக்கான ஆஸ்கர் கிடைச்சுது, அந்த பிரிவுல குடுத்த முதல் ஆஸ்கரே அதான்.

மத்த ஜோடிகள பத்தி சுருக்கமா. ஸ்டூடியோ முதலாளி ஹால் ரோச்சே 1931ல பொம்பளைங்கள வச்சு இதே மாதிரி பண்ணலாம்னு தெல்மா டாட், ஜாஸு பிட்ஸ் ரெண்டு பேரையும் சேத்தாரு, சில படங்கள் நல்லாவே இருக்கு, ஆனா பாதி நேரம் எழுத்து காலை வாரி விட்டுருது. மும்பைல 1930கள்ல தீட்சித், கோரின்னு ரெண்டு பேர இந்தியாவோட லாரல் ஹார்டின்னே கூப்பிட்டாங்க. 1940கள்ல வந்த அபாட், காஸ்டெல்லோ உடம்ப விட வாய்க்குத்தான் அதிகம் வேலை குடுத்தாங்க, அங்க சிரிக்காம கேள்வி கேக்குறவருக்கு ஸ்ட்ரெய்ட் மேன்னு பேரு, அந்த வேலைதான் கஷ்டம்னு மேடை உலகத்துல எல்லாரும் நம்புனதால ஆரம்பத்துல அபாட்டுக்கு 60, சிரிக்க வைக்கிற காஸ்டெல்லோவுக்கு 40ன்னுதான் காச பிரிச்சுக்கிட்டாங்க. லாரல் ஹார்டில இந்த பிரிவே கிடையாது, சீனுக்கு சீன் யார் வேணா ஸ்ட்ரெய்ட் மேன் ஆயிருவாங்க, அதான் அவங்கள காப்பி அடிக்கிறது கஷ்டம்.

பாக்கணும்னா முதல்ல பிக் பிசினஸ், அப்புறம் தி மியூசிக் பாக்ஸ், பெரிய படம்னா 1933ல வந்த சன்ஸ் ஆஃப் தி டெசர்ட், 1937ல வந்த வே அவுட் வெஸ்ட். 1929 வரைக்கும் வந்த படங்களுக்கு அமெரிக்காவுல காப்பிரைட் முடிஞ்சு போச்சு, அதனால பேசாப் படங்கள் நல்ல பிரிண்ட்லயே ஃப்ரீயா கிடைக்கும், கலர் அடிச்சு வச்சுருக்கறத மட்டும் தவிர்த்துருங்க, மூஞ்சி எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும், நாம பாக்க வேண்டியதே அந்த மூஞ்சியத்தான். 1941ல இருந்து வேற பெரிய ஸ்டூடியோக்களுக்கு போயி எடுத்த படங்கள்ல லாரல எடிட்டிங் பக்கமே விடல, அந்த ஸ்லோ போயிருச்சு, வசனமா கொட்டும். அத எல்லாம் கடைசிக்கு வச்சுக்கோங்க, 1951ல ஃப்ரான்ஸ்ல ரெண்டு பேரும் உடம்பு சரியில்லாம நடிச்ச கடைசிப் படம் அட்டால் கேவ பாக்காமலே விட்டாலும் ஒண்ணும் குறையாது.